இயர்பேட் மாத்தினா பாட்டோட சவுண்டும் மாறுமா?

ஹெட்போன் நல்லாத்தான் பாடுது. ஆனா காதில் படும் குஷன் மட்டும் உரிந்து, கறுப்புத் துகளா கன்னத்தில் ஒட்டுது. வெயிலும் வியர்வையும் சேர்ந்தால் செயற்கைத் தோலுக்கு இதுதான் கதி. சரின்னு ஆன்லைன்ல புது ஜோடி வாங்கி மாட்டினா, அதே பாட்டு வேற மாதிரி கேட்குது. பிரமை இல்லீங்க, நிஜம்தான்!

என்ன நடக்குது?

இயர்பேட் வெறும் மெத்தை இல்லை. காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே காற்றை அடைத்துவைக்கும் சின்ன அறையின் சுவர் அது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ரவைப் பசை தடவினால் நாதம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அப்படித்தான், கருவி அதேதான், சின்ன மாற்றம், வேற சவுண்ட்.

அளந்து பார்த்தால்...

செயற்கைக் காதுக்குள், செவிப்பறை இருக்கும் இடத்தில் மைக் வைத்து, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியை ஓட்டி கிராஃப் எடுப்பார்கள். இயர்பேடை மட்டும் மாற்றினாலே கோடு மாறிவிடும்.

* இடைவெளி: காற்று கசிந்தால் முதலில் அடிவாங்குவது பேஸ்தான். கண்ணாடிக் காம்பு நுழையும் சின்னச் சந்து போதும்.
* துணி: தோல் பேட் காற்றை அடைக்கும். வெல்வெட் மாதிரித் துணி கொஞ்சம் கசியவிடும், காதுக்குக் குளுமை.
* தடிமன்: ஸ்பீக்கர் காதிலிருந்து தள்ளிப்போகும். கீச்சொலிகள் சில இடங்களில் ஏறும், சில இடங்களில் இறங்கும்.

அதுக்காக, துணி பேட் மட்டம்னு அர்த்தமில்லை. பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 80 ஓம் மாடல் கம்பெனியிலிருந்தே துணி பேடோடுதான் வருது. டியூனிங்கும் அதுக்கு ஏத்த மாதிரிதான்.

காதுக்கு என்ன ஆபத்து?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீட்டில் உட்கார்ந்து பாட்டு கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேட் கசிந்தால் பேஸ் வெளியே போகும், தறிச் சத்தம் உள்ளே வரும். கை தானா வால்யூமைக் கூட்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவே 90 டெசிபல் ஆனால் வெறும் 4 மணி நேரம்தான். போன செவித்திறன் திரும்பி வராது பாஸ்!

வீட்டிலேயே ஒரு டெஸ்ட்

பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெதுவா அழுத்துங்க. பேஸ் சட்டுனு கூடினால், பேட் கசியுதுன்னு அர்த்தம்.

வாங்கும்போது...

* உங்க மாடலுக்கான ஒரிஜினல் பேட் கிடைத்தால் அதுதான் முதல் சாய்ஸ்.
* வேறு பேட் என்றால் உயரம், துளை அளவு, துணி மூன்றும் பழசோடு ஒத்துப்போகணும்.
* நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனில் கூடுதல் கவனம் தேவை. கப்புக்குள் மைக் இருக்கும் மாடலில் பேட் மாறினால் அதோட கணக்கும் தப்பும்.
* சவுண்ட் பிடிக்கலையா? வால்யூமைத் தொடாதீங்க, ஈக்வலைசரில் பேஸை மட்டும் கொஞ்சம் ஏத்திப் பாருங்க.