எகிப்தின் வக்ஃபும் அயல்நாட்டு மானியமும்

மக்களாட்சிக்கென்றும் மனித உரிமைக்கென்றும் வல்லரசுகள் பிற நாட்டுச் சிறு சங்கங்களுக்குப் பொருள் வழங்குவது சென்ற நூற்றாண்டின் இறுதியில் பெருவழக்காயிற்று. பெரும்பாலும் தூதரகத்தின் வாயிலாக, ஒரு பணிக்கு, ஓரிரு ஆண்டுக்கு எனத் தரப்படும் சிறு தொகை அது. அச்சிறு தொகை எத்துணைப் பெரிய வழக்காகக் கூடும் என்பதை எகிப்தின் அண்மை வரலாறு காட்டுகிறது.

1998ஆம் ஆண்டு மேல் எகிப்தின் அல்-குஷ்ஹ் கிராமத்தில் கிறிஸ்தவர் இருவர் கொலையுண்டனர். விசாரணை என்ற பெயரால் போலீசார் ஊராரைப் பிடித்துச் சித்திரவதை செய்தனர் என எகிப்திய மனித உரிமை அமைப்பு அறிக்கை வெளியிட்டது. டிசம்பரில் அதன் பொதுச் செயலாளர் ஹாபிஸ் அபூ ஸஅதா கைதானார். பிரிட்டிஷ் தூதரகத்திடமிருந்து ஏறத்தாழ 25,000 டாலர் பெற்றார் என்பது குற்றச்சாட்டு. பெண்களுக்கான சட்ட உதவிக்கென வந்த பணம் அது என்றது அமைப்பு. சில நாட்களில் அவர் ஜாமீனில் வெளிவந்தார்.

எந்தச் சட்டத்தின் கீழ் இவ்வழக்கு? 1992ஆம் ஆண்டின் நான்காம் இராணுவ ஆணையின் கீழ்! அவ்வாண்டு அக்டோபரில் கெய்ரோவை நிலநடுக்கம் உலுக்கியபோது, அரசாங்கம் வந்து சேருமுன் தனியார் சங்கங்கள் உணவும் கூடாரமும் வழங்கின. ஆள்வோருக்கு அது பொறுக்கவில்லை. அனுமதியின்றி நன்கொடை திரட்டுவோருக்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை என ஆணை பிறந்தது. பசித்தவனுக்கு ரொட்டி கொடுத்ததைத் தடுக்க எழுந்த ஆணை, பின்னர் உரிமை பேசியோர் மீது பாய்ந்தது.

2000ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் சமூகவியல் பேராசிரியர் சஅதுத்தீன் இப்ராஹீம் பிடிபட்டார். 1988இல் அவர் நிறுவிய ஆய்வு மையத்துக்கு இப்னு கல்தூனின் பெயரைச் சூட்டியிருந்தார். (தூனிஸில் பிறந்து, கெய்ரோவில் மாலிக்கி மத்ஹபின் காழியாக விளங்கி, 1406இல் அங்கேயே மறைந்த அப்பேரறிஞரும் இளமையில் பாஸ் நகரில் ஏறத்தாழ ஈராண்டு சிறையிருந்தவர்தாம்!) வாக்காளர்க்கு அறிவூட்டும் பணிக்கென ஐரோப்பிய ஆணையம் தந்த பணத்தை அனுமதியின்றிப் பெற்றார், கையாடினார், நாட்டின் நற்பெயரைக் கெடுத்தார் என்றனர். பணம் கொடுத்த ஆணையமோ, மோசடி ஏதும் நிகழவில்லை என்றது. எனினும் 2001இலும் மறுவிசாரணையில் 2002இலும் ஏழாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 2003 மார்ச்சில்தான் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

இதே எகிப்தின் இராணுவம் 1987 முதல் ஆண்டுதோறும் அமெரிக்காவிடமிருந்து 130 கோடி டாலர் உதவி பெற்று வந்தது. அதை அந்நியப் பணம் என்று எந்த நீதிமன்றமும் கேட்டதில்லை. சங்கத்துக்கு ஆயிரக் கணக்கில் ஈந்த மேலை நாடுகள், அச்சங்கத்தை ஒடுக்கிய அரசுக்குக் கோடிக் கணக்கில் ஈந்தன. ஈவோரின் இந்த இரட்டை நாக்கை நாம் மறந்துவிடுவதற்கில்லை.

ஆனால் நாம் கேட்க விரும்புவது வேறு. ஆயிரம் ஆண்டு அறக்கொடை மரபுள்ள மிஸ்ர் நாட்டுச் சங்கங்கள் அயலான் வாசலில் ஏன் நின்றன?

விடை வக்ஃபில் இருக்கிறது. 'நிறுத்தி வைத்தல்' என்னும் பொருளுடைய அச்சொல், ஒரு சொத்தை விற்பனையினின்றும் வாரிசுரிமையினின்றும் நிறுத்தி, அதன் வருவாயை அறத்துக்கு ஒதுக்குவதைக் குறிக்கும். பள்ளியும் மருத்துவமனையும் தண்ணீர்ப் பந்தலும் அவ்வருவாயில் நடந்தன. 1908இல் தனியார் முயற்சியாய்த் தோன்றிய கெய்ரோப் பல்கலைக்கழகமே, கெதீவ் இஸ்மாயீலின் மகள் இளவரசி பாத்திமா தந்த நிலத்தாலும் நகையாலும் வேரூன்றியது.

1952இல் புரட்சி அரசு குடும்ப வக்ஃபுகளை ஒழித்தது. மறு ஆண்டின் 247ஆம் சட்டம் அற வக்ஃபுகளை அமைச்சகத்தின் கையில் ஒப்படைத்தது. அமைச்சகமே முத்தவல்லி! கொடையாளர் எழுதி வைத்த நோக்கத்தை மாற்றவும் அதற்கு உரிமை கிடைத்தது. குடும்ப வக்ஃபுகளில் ஊழல் மலிந்திருந்தது மெய்தான். ஆயினும் நோய்க்கு மருந்தாக ஊற்றையே அடைத்துவிட்டனர். 1964இன் 32ஆம் சட்டம் சங்கங்களையும் சமூக விவகார அமைச்சகத்தின் பிடிக்குள் கொணர்ந்தது. உள்ளூர்ப் பணத்துக்கு வழியில்லை; அரசின் பணமோ வாயை அடைக்கும். எஞ்சியது தூதரக வாசல்.

மானியத்துக்கு இன்றைய அரபியில் 'மின்ஹா' என்பர். அதே வேரில் பிறந்த பழஞ்சொல் 'மனீஹா': பாலுக்காக மட்டும் பிறரிடம் விடப்படும் கறவை ஒட்டகம் அல்லது ஆடு. பால் பெற்றவனுக்கு, கறவை உடையவனுக்கே. அவன் கேட்கும் நாளில் திருப்பிவிட வேண்டும். ஓராண்டுத் திட்டம் முடிந்ததும் அடுத்த தவணைக்காகத் தூதரகக் கடிதத்தை எதிர்நோக்கிய சங்கங்களின் நிலையும் இதுவே. வக்ஃபோ கறவையையே தந்துவிடும்.

2011 டிசம்பரில் கெய்ரோவில் பல அமைப்புகளின் அலுவலகங்கள் சோதனையிடப்பட்டன. 2013இல் 43 பேர் தண்டனை பெற்றனர். மறுவிசாரணையில் அவர்களுள் பெரும்பாலோர் 2018இல் விடுதலையாயினர். உள்நாட்டுச் சங்கங்கள் மீதான விசாரணை 2024இல்தான் முடித்து வைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் 149ஆம் சட்டப்படி, வந்த மானியத்தை அமைச்சகத்துக்கு அறிவித்து, அது ஆட்சேபிக்கவில்லை என்று தெரியும் வரை வங்கியில் தொடாமல் வைத்திருக்க வேண்டும். பணத்தை 'நிறுத்தி வைக்கும்' இந்தச் சட்டத்தில் வக்ஃபின் சொற்பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது.