வலது ஓரத்தில் 33 ஆண்டுகள்: ஸ்டான்லி மாத்யூஸின் ஆட்ட வாழ்க்கை

ஸ்டான்லி மாத்யூஸ் 1915 பிப்ரவரி 1 அன்று, மண்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஸ்டோக் வட்டாரத்திலுள்ள ஹான்லியில் பிறந்தார். தந்தை ஜாக் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அவர் குத்துச்சண்டை வீரரும்கூட. அதிகாலையில் பிள்ளைகளை எழுப்பி உடற்பயிற்சி செய்ய வைத்த அவரது கண்டிப்பு மகனை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. 15 வயதில் ஸ்டோக் சிட்டி கால்பந்து கிளப்பில் அலுவலகப் பையனாகச் சேர்ந்த மாத்யூஸ், 17ஆம் பிறந்தநாளில் தொழில்முறை வீரராக ஒப்பந்தம் ஆனார். 1932 மார்ச்சில் பரி அணிக்கு எதிராக முதல் ஆட்டம். 1934இல் வேல்ஸுக்கு எதிராக இங்கிலாந்து அணியில் இடம், அந்த ஆட்டத்திலேயே ஒரு கோல்.

அவர் ஆடியது வலது விங்கில். பந்தைக் காலோடு ஒட்டியபடி எதிரணித் தடுப்பாட்டக்காரரை நோக்கி மெதுவாகவே வருவார். நெருங்கியதும் உடலை இடப்பக்கம் சாய்ப்பார். எதிராளியும் அந்தப் பக்கம் எடையை மாற்றுவார். அந்தக் கணத்தில் வலது காலின் வெளிப்பக்கத்தால் பந்தைத் தட்டிவிட்டு, எல்லைக் கோட்டை ஒட்டிப் பாய்ந்துவிடுவார். இதைத்தான் செய்யப்போகிறார் என்பது எல்லாத் தடுப்பாட்டக்காரருக்கும் தெரியும்; தெரிந்தும் தடுக்க முடியவில்லை. நீண்ட ஓட்டத்தில் அவரைவிட வேகமானவர்கள் இருந்தார்கள். முதல் சில அடிகளில் மட்டும் அவரை யாராலும் எட்ட முடியவில்லை. ஆட்டம் முழுக்க ஓடித் தேயாமல், அந்தக் குறுகிய பாய்ச்சலை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டதால்தான் அவரால் 50 வயது வரை ஆட முடிந்தது.

1938இல் அவர் ஸ்டோக்கை விட்டுப் போக விரும்பினார். ஊரே திரண்டது. சுமார் 3,000 பேர் கூடிய கூட்டத்தில் அவர் போகக்கூடாது என்று குரல் எழுந்தது, அவரும் தங்கிவிட்டார். அடுத்து வந்தது இரண்டாம் உலகப் போர். லீக் ஆட்டங்கள் நின்றபோது அவருக்கு வயது 24. மீண்டும் தொடங்கியபோது 31. எந்த விளையாட்டு வீரனுக்கும் உச்சமான அந்த ஆண்டுகளை விமானப்படையின் உடற்பயிற்சி ஆசிரியராகக் கழித்தார். 1947இல் பயிற்சியாளர் பாப் மக்ரோரியோடு ஒத்துப்போகாத நிலையில், 11,500 பவுண்டுக்கு பிளாக்பூல் அணிக்கு விற்கப்பட்டார். பட்டப் போட்டியில் இருந்த ஸ்டோக், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தோற்று வாய்ப்பை இழந்தது. அவரை விற்றது பெரிய பிழை என்பதில் ஐயமில்லை.

பிளாக்பூலுக்காக 1948, 1951 எஃப்.ஏ. கோப்பை இறுதிகளில் தோல்வி. 1953 மே 2 அன்று வெம்ப்ளியில் மூன்றாம் முறை. போல்டன் 3-1 என முன்னிலை பெற்றிருந்தது. ஆனால் போல்டனின் எரிக் பெல் தொடைத்தசைக் காயத்தோடு நொண்டியபடி ஆடினார். இடது பேக் ரால்ஃப் பேங்க்ஸுக்குத் தசைப்பிடிப்பு. மாற்று ஆட்டக்காரர் என்ற வழக்கமே அன்று இல்லை. அந்த இடப்பக்கத்தை 38 வயது மாத்யூஸ் மீண்டும் மீண்டும் கிழித்துச் சென்றார். கடைசி நேரத்தில் அவர் பின்னோக்கித் தட்டிக் கொடுத்த பந்தை பில் பெர்ரி கோலாக்க, பிளாக்பூல் 4-3 என வென்றது. இன்றும் அது ‘மாத்யூஸ் இறுதி’ எனப்படுகிறது. மூன்று கோல் போட்ட ஸ்டான் மார்டென்சனுக்கு இது அநீதி. மாத்யூஸே அந்தப் பெயரை ஏற்கவில்லை.

மதுவையும் புகையையும் அவர் தொட்டதில்லை. இறைச்சியைத் தவிர்த்தார்; திங்கட்கிழமைகளில் உண்ணாதிருப்பார்; காலணிகள் இலேசாக இருக்கவேண்டும் என்பதில் பிடிவாதம். 1956இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது, புகழ்பெற்ற தாக்குதல் ஆட்டக்காரர் டி ஸ்டெஃபானோவை முந்தி 41 வயதில் அதைப் பெற்றார். மறு ஆண்டு டென்மார்க்குக்கு எதிராக ஆடியது அவரது கடைசிப் பன்னாட்டு ஆட்டம். அப்போது வயது 42. இவ்வளவுக்கும், 1961 வரை இங்கிலாந்தில் சம்பள உச்சவரம்பு இருந்ததால், பல்லாயிரம் பேரை அரங்குக்கு இழுத்தவருக்கும் வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கிடைக்கவில்லை. கிளப்புகளின் கல்லாவை நிரப்பியவர்களில் அவர் முதன்மையானவர். பங்கு மட்டும் வந்து சேரவில்லை.

1961 அக்டோபரில், 46 வயதில், அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்த ஸ்டோக்குக்கே திரும்பினார். முந்தைய உள்ளூர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் 8,400 பேர். அவர் களமிறங்கிய ஆட்டத்துக்கு ஏறக்குறைய 36,000 பேர். 1963இல் அணி முதல் டிவிஷனுக்கு ஏறியது. உயர்வை உறுதிசெய்த லூட்டன் ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் போட்டார். 1965 புத்தாண்டு நாளில், களத்தில் இருக்கும்போதே, ‘சர்’ பட்டம் வந்தது. கால்பந்து வீரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதன்முறை.

அந்த ஏப்ரலில் நடந்த பிரிவுபசார ஆட்டத்துக்கு யாஷின், புஷ்காஷ், டி ஸ்டெஃபானோ போன்ற உலகப் புகழ்பெற்ற வீரர்கள் வந்தார்கள். அவரைத் தோளில் சுமந்து சென்றார்கள். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவில், நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருக்கும்போதே, சொவெட்டோவின் கறுப்பினச் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களை பிரேசிலுக்கு அழைத்துச் சென்றார். கோப்பைகளுக்கு இணையாக வைத்துப் பேசவேண்டிய பணி இது. 2000 பிப்ரவரியில் காலமானார்.

முப்பத்துமூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட நடுவரின் எச்சரிக்கைக்கு ஆளானதில்லை. ஸ்டோக்குக்காக அவர் கடைசியாக ஆடியது 1965 பிப்ரவரி 6 அன்று, ஃபுல்ஹாம் அணிக்கு எதிராக. அப்போது வயது 50 ஆண்டு 5 நாள். இங்கிலாந்தின் முதன்மை டிவிஷனில் அந்த வயதில் ஆடியவர் வேறு எவரும் இல்லை. இரண்டு ஆண்டு முன்னதாகவே ஓய்வு பெற்றுவிட்டதாகத்தான் பின்னாளில் அவர் வருந்தினார்.