திருப்ப வேண்டாத என்ஜின்

எங்க ஊர் வாசுதேவநல்லூரில் தண்டவாளம் கிடையாது. 1927இல் வந்த விருதுநகர் - தென்காசிப் பாதை எங்களை ஒதுக்கிவிட்டு, சங்கரன்கோவில், பாம்புக்கோவில் சந்தை வழியாகப் போயிற்று. அந்த ஊர்க்காரனுக்கு லண்டன் புறநகர் என்ஜினைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கலாம். பேச இருக்கிறது.

நெடுந்தூர நீராவி என்ஜின், கரியையும் தண்ணீரையும் டெண்டர் என்ற தனி வண்டியில் வைத்துப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்த இடத்தில் அதை வட்டமேடையில் ஏற்றித் திருப்பணும். டேங்க் என்ஜின் அப்படியில்லை. கரி, தண்ணீர் இரண்டையும் தன் உடம்பிலேயே சுமக்கும். அதிக தூரம் தாங்காது. ஆனால் முன்னும் பின்னும் ஒன்றுபோல ஓடும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற வண்டிக்கென்றே அமைந்த உருவம்.

இதை வெறும் பொறியியலாக வாசிக்க முடியாது. லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்காக லண்டனில் தொழிலாளர் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. கிரேட் ஈஸ்டர்ன் கம்பெனி தொழிலாளர் வண்டி விடவேண்டும், போய்வரக் கட்டணம் 2 பென்ஸ் என்று 1864ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அந்தப் புறநகர்ப் பாதைகளுக்காக அக்கம்பெனியின் ஹில் வடிவமைத்து 1915இல் வந்ததுதான், பிற்பாடு என்7 எனப் பெயர்பெற்ற டேங்க் என்ஜின். 1928க்குள் 134 செய்தார்கள். வீட்டை இடித்த மூலதனமே வீடு திரும்ப டிக்கெட்டும் கொடுத்தது. கருணை அல்ல, மறுநாள் காலையில் அதே உடல் வேலைக்கு வந்து நிற்கணும்.

சுதந்திர இந்தியாவும் புறநகர் வண்டிகளுக்கென டபிள்யூ.டி. டேங்க் என்ஜின்களைச் சித்தரஞ்சனில் கட்டியது; 1959 தொடங்கி மொத்தம் 30. சென்னையிலோ கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931லேயே மின்சார வண்டி வந்தாச்சு. அதற்கும் இரண்டு முகம், திருப்ப வேண்டாம்.

ஆக, திரும்பிவருதல் என்பது நகரத்துத் தொழிலாளிக்கு, அவன் போராடியோ மூலதனத்தின் தேவையாலோ, கிடைத்த ஒன்று. எங்க பக்கத்துச் சனங்களுக்கு? 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பலும் வந்தபின் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவது சுலபமாயிற்று. தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். வீட்டில் யாரும் அவர் எந்தத் தோட்டம் என்று சொன்னதில்லை. 'கண்டிக்குப் போயிட்டாரு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, அங்கேயே பிறந்து வளர்ந்த லட்சக்கணக்கானவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றார்கள். தாங்கள் ஒருபோதும் புறப்படாத ஊருக்கு எப்படித் திரும்புவது?

ரயில்வே வரலாற்றை என்ஜினின் இழுவிசையை வைத்து எழுதுகிறார்கள். யாருக்குப் போய்வர டிக்கெட் கொடுத்தார்கள், யாரைப் போக மட்டும் விட்டார்கள் என்பதை வைத்தும் எழுதணும்.