கல்லுக்குள் குடித்தனம்

இத்தாலியின் தென்பகுதியில், கிராவினா என்ற பெரும்பள்ளத்தின் விளிம்பில் இருக்கிறது மத்தேரா. மலைச்சரிவில் மிருதுவான சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து அடுக்கடுக்காக வீடுகள். கீழ்வீட்டின் கூரைதான் மேல்வீட்டுக்காரருக்குத் தெரு. 'சாசி' எனப்படும் இந்தக் குகைக் குடியிருப்புகளைப் பார்க்க இன்று குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள்.

பலரும் முதலில் தேடிப் போவது, விக்கோ சோலிட்டாரியோ சந்தில் அருங்காட்சியகமாகப் பராமரிக்கப்படும் ஒரு குகை வீட்டை. தட்டுமுட்டுச் சாமான்கள் அந்தக் காலத்தில் இருந்தபடியே வைக்கப்பட்டிருக்கின்றன. சோளச் சருகு திணித்த மெத்தையோடு ஆளுயரத்தில் பாதி நிற்கும் கட்டில். அதன் அடியில் கோழிகள். பின்னால் கோவேறு கழுதையின் கொட்டில். இழுப்பறையைத் திறந்து அதில் கைக்குழந்தையைத் தூங்க வைத்தார்கள். மேசை நடுவே ஒரே ஒரு பெரிய தட்டு. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் எல்லோருக்கும் சாப்பாடு அதில்தான். வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்டினால் போதும், பாடம் நடத்த வேண்டியதில்லை.

ரொட்டி சுட ஊருக்குப் பொது அடுப்பு. யாருடைய ரொட்டி எது என்று தெரிய வேண்டுமே! மரத்தில் செதுக்கிய முத்திரையை மாவின் மேல் அழுத்தி அனுப்பினார்கள். குடும்பத்துக்கு ஒரு முத்திரை.

இதைவிட வியப்பு, தண்ணீரை அவர்கள் கையாண்ட விதம். மழைநீரைக் கால்வாய் வெட்டித் திருப்பி, பாறைக்குள் குடைந்த தொட்டிகளில் சேமித்தார்கள். பிறகு மக்கள்தொகை பெருகப் பெருக, அந்தத் தொட்டிகளே வீடுகளாயின. வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத இடங்களில் மனிதரும் விலங்கும் நெருக்கியடித்து வாழ, நோய் புகுந்தது.

முசோலினி அரசால் தண்டனையாக அந்த வட்டாரத்துக்கு அனுப்பப்பட்ட எழுத்தாளர் கார்லோ லேவி, 1945இல் வெளியிட்ட நூலில் மலேரியாவோடும் கண்நோயோடும் போராடிய மத்தேரா குழந்தைகளை உலகுக்குக் காட்டினார். கம்யூனிஸ்ட் தலைவர் தோலியாத்தி 1948இல் இந்த நிலையைத் தேசிய அவமானம் என்றார். 1950இல் பிரதமர் தெ காஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 1952இல் மக்களை அங்கிருந்து இடம்மாற்றச் சட்டம் வந்தது. ஏறத்தாழ 15,000 பேர் புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டார்கள். சாசி வெறிச்சோடியது.

அவமானம் என்ற பழி குகைகளின் மேல் விழுந்தது நியாயமில்லை. நூற்றாண்டுகளாக மக்களைக் காத்த பாறை அது. அவமானப்பட வேண்டியவர்கள், அந்த ஏழைகளை அத்தனை காலம் கைவிட்டிருந்த ஆட்சியாளர்களே.

1986இல் இன்னொரு சட்டம் சாசியின் சீரமைப்புக்கு வழி திறந்தது. 1993இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச்சின்னமாக அறிவித்தது. 2019இல் மத்தேரா ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரானது.

அங்கே போக வாய்ப்புக் கிடைப்பவர்கள், குகை வீடுகளோடு திரும்பிவிடாதீர்கள். விட்டோரியோ வெனெட்டோ சதுக்கத்துக்கு அடியில் பலோம்பாரோ லுங்கோ என்ற நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. சுமார் 50 லட்சம் லிட்டர் கொள்ளும். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அதற்குள் இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.