அரண்மனைச் சண்டையும் நம்மட கடற்கரையும்

லீவு நாட்களில் ‘வுல்ஃப் ஹோல்’ தொடரைப் பார்த்து முடித்தேன். இங்கிலாந்தின் டியூடர் அரண்மனையைப் பற்றி பிபிசி எடுத்தது. பட்டுடுப்பு, மெழுகுதிரி வெளிச்சம், கதவோரக் குசுகுசுப்பு என்று ஆளை அசையவிடாது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தோமஸ் குரொம்வெல்தான் கதைநாயகன். கொல்லன் ஒருவரின் மகன். மன்னனின் ஆசைகளையெல்லாம் சட்டமாக்கிக் கொடுத்து உச்சிக்கு ஏறியவர். 1540 ஜூலை 28 ஆம் திகதி அவரது தலை வெட்டப்பட்டது. அதே நாளில் மன்னன் ஐந்தாவது கலியாணம் முடித்தான்.

பார்த்து முடிந்தபோது எனக்குக் கண்டிதான் ஞாபகம் வந்தது.

1798 இல் இராஜாதி இராஜசிங்கன் வாரிசில்லாமல் இறந்தபோது, மகா அதிகாரம் பிலிமத்தலாவ 18 வயதுக் கண்ணசாமியைத் தேடிப்பிடித்து அரியணையில் வைத்தார். அவர்தான் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன். பொடியன் சொன்னபடி கேட்பான் என்பது அதிகாரத்தின் கணக்கு. பொடியன் வளர்ந்தான். கணக்குப் பிழைத்தது. சதி பிடிபட்டு, அரசனாக்கியவரின் தலையே போனது.

அடுத்து வந்த எகலப்பொலவும் 1814 இல் மன்னனோடு முறித்துக்கொண்டு ஆங்கிலேயரிடம் ஓடினார். அதற்கான தண்டனையை அனுபவித்தவர்கள் அவருடைய மனைவியும் பிள்ளைகளும். அண்ணன் பயந்து நின்றபோது தானே முன்னால் வந்த மத்தும பண்டாரவின் கதை இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். 2014 இல் ‘எகலப்பொல குமாரிஹாமி’ என்று சிங்களத்தில் படமாகவும் வந்தது.

இரண்டு அரண்மனையிலும் நடந்தது ஒரே மாதிரிச் சண்டைதான். ஆனால் ஒரு வித்தியாசம். ஹென்றியின் அரண்மனை அடிபட்டுக்கொண்டபோது இங்கிலாந்தின் கரையை இன்னொரு நாட்டான் பிடித்து வைத்திருக்கவில்லை. கண்டியைச் சுற்றியிருந்த கரை முழுவதும் ஆங்கிலேயரிடம் இருந்தது. கொழும்பில் ஜோன் டொய்லி என்ற அதிகாரி சிங்களம் படித்து, ஒற்றர்களை வைத்து, கண்டிப் பிரதானிகளின் மனத்தாங்கல்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். 1815 மார்ச் 2 ஆம் திகதி உடன்படிக்கை. மன்னன் வேலூருக்குப் போய் 1832 இல் மௌத்தானார். தான் அரசனாகலாம் என்று நினைத்த எகலப்பொலவை ஆங்கிலேயர் மொரீசியசுக்கு நாடு கடத்தினர். 1829 இல் அங்கேயே இறந்தார்.

இதைப் படிப்பிக்கும்போது ஒருமுறை பின்வாங்கில் இருந்த மாணவன் கேட்டான்: “சேர், இது நம்மட வரலாறா? கண்டிக்காரர்ட கதைதானே?”

அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இன்று சொல்கிறேன்.

1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது இடம் கொடுத்தவர் கண்டி மன்னர் செனரத். அதில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினார் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் குவேரோஸ் எழுதியிருக்கிறார். நம் முன்னோர் எல்லோரும் அப்படி வந்தவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இந்தக் கரை கண்டியின் கரையாக இருந்தது. இங்கிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு நம்மவர்களின் தவள மாடுகள் மலைநாட்டுக்குப் போய்வந்தன.

1766 பெப்ரவரியில் யுத்தத்தில் களைத்துப்போன கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் தீவின் கரை முழுவதையும் ஒல்லாந்தருக்கு எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு கண்டி மக்கள் உப்பு அள்ளுவதற்கே ஒல்லாந்தரின் சம்மதம் வேண்டியிருந்தது. வீரமுனையில் வயல் செய்த தமிழனிடமோ கல்முனையில் வலை இழுத்த சோனகனிடமோ யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 30 வருடத்தில் ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தனர். அதற்குப் பிறகு மலைக்குள் தனித்துப்போன அரண்மனை விழுவதற்கு உள்வீட்டுச் சண்டை ஒன்றே போதுமாக இருந்தது.

எகலப்பொல துரோகியா இல்லையா என்று நாம் இன்னும் வாதாடுகிறோம். வாதாடலாம். ஆனால் 1815 இன் கதவு திறந்தது 1766 இல், நம்மட கரையில். நாடகத்தில் அரியணையைச் சுற்றி நிற்பவர்களின் முகம் மட்டும்தான் தெரியும். அவர்கள் போடும் கையெழுத்து யாருடைய முற்றத்தில் வந்து விழுகிறது என்பதைப் பாடத்தில்தான் நாம் காட்ட வேண்டும்.

தம்பி, இது உன்ட வரலாறும்தான். இனிக் கண்டிப் பாடம் தொடங்கும்போது கரும்பலகையில் நான் முதலில் வரையப்போவது அரண்மனையை அல்ல, இந்தக் கடற்கரையை.