ஆறு புள்ளி பெரும்பாக்கம் வந்த கதை

தாம்பரத்தில் பஸ் ஏறினால் மேடவாக்கம் தாண்டிப் பெரும்பாக்கம். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 2022 ஜனவரியில் புதுக் கட்டடம் திறந்தார்கள். திருக்குறள், மணிமேகலை முதலிய நூல்களைப் பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலில் கொண்டுவந்தது இந்த நிறுவனம். 2023 டிசம்பரில் காசி தமிழ்ச் சங்கமத்தில் அவை வெளியாயின. பிரெயிலின் ஆறு புள்ளி பெரும்பாக்கம் வந்து சேர்வதற்குள் கிட்டத்தட்ட இருநூறு வருடம் ஓடிவிட்டது.

புறப்பட்ட இடம் பாரிஸ். அங்கே பார்வையற்றோர் பள்ளி நடத்திய வாலண்டின் ஹாவுய், 1786இல் சாதாரண எழுத்தையே காகிதத்தில் புடைக்கவைத்துப் புத்தகம் போட்டார். கண்ணுக்கு லட்சணமாக இருந்தது, விரலுக்குப் பெரும்பாடு. வளைவுகளைத் தடவி ஓர் எழுத்தைப் பிடிப்பதற்குள் முந்தின எழுத்து நழுவிவிடும். பிறகு ராணுவக்காரர் பார்பியே பன்னிரண்டு புள்ளியில் ஓர் எழுத்துமுறை கொண்டுவந்தார். அதே பள்ளியில் படித்த லூயி பிரெயில், 1824இல், பதினைந்து வயதில், அதை ஆறாகக் குறைத்தார். அரை மில்லிமீட்டர் உயரமுள்ள ஆறு புள்ளி, விரல்நுனி ஒன்றுக்குள் மொத்தமாக அடங்கிவிடும். சூட்சுமமே அதுதான்.

சென்னை வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறளும் கல்லில் செதுக்கியிருக்கிறது. பார்வையில்லாத ஒருவர் கை வைத்தால் எழுத்தின் பள்ளம் தெரியும். ஆனால் ஹாவுயின் மாணவர்கள் பட்ட அதே பாடுதான். தொட முடிந்தால் படித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு குறளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கட்டும். பஸ்ஸில் எழுதியிருக்கும் குறளோ வெறும் பெயின்ட். அதில் தடவ ஒன்றுமே இல்லை.

இந்தியாவுக்குள் வந்த புள்ளி, மொழிக்கொரு முறை, பள்ளிக்கொரு முறை என்று சிதறிக் கிடந்தது. 1951இல் பாரதி பிரெயில் வந்த பிறகுதான் இந்திய மொழிகளுக்கு ஒரே அடிப்படை கிடைத்தது. அதில் ‘தமிழ்’ என்று எழுத ஆறு புள்ளிக் கட்டங்கள் ஐந்து வேண்டும்: த, ம, இ, புள்ளி, ழ. நாம் ழகரத்தின் தலையில் வைக்கிற புள்ளி, அங்கே ழகரத்துக்கு முன்னால் போய் நிற்கும். ஓலைச்சுவடிக்காரர்கள் புள்ளி வைக்காமலே காலம் தள்ளினார்கள். பிரெயிலில் அந்தச் சலுகை கிடையாது. பிரெயில் சிலேட்டில் கையால் குத்துவதானால், தாளின் பின்பக்கம் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால்தான் இடமிருந்து வலமாகப் படிக்க வரும்.

புத்தகம்வரை வந்தாயிற்று. இனி சுவர். பெரும்பாக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் கண்ணகி நகர். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை ஓவியர்களை அழைத்துவந்து, அங்குள்ள குடியிருப்புச் சுவர்களில் மாடி உயரத்துக்குப் படம் தீட்டியது. அந்த உயரத்துக்கு யார் கை எட்டும்? டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015இல் திறந்த ‘அனுபவ்’ கூடத்தில் சிலைகளின் நகல்களைத் தொட்டுப் பார்க்கலாம். சுவருக்கும் அதுபோல ஒன்று செய்யலாம்: படத்தின் கோடுகளைப் புடைப்பாக எடுத்த சின்னப் பலகை, இடுப்பு உயரத்தில், கீழே இரண்டு வரி பிரெயில். மங்கலாகத் தெரிபவர்களுக்குக் கறுப்பில் மஞ்சளாகப் பெரிய எழுத்து. பலகை எங்கே இருக்கிறது என்று கால் கண்டுபிடிக்க, ரயில் பிளாட்பாரங்களில் பதிக்கிற மஞ்சள் ஓடு.

இது போதாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பார்வையற்றவர்கள் எல்லோரும் பிரெயில் படித்தவர்கள் அல்ல. நடுவயதில் பார்வை போனவர்களுக்குப் புள்ளி பழகுவது லேசான காரியமும் இல்லை. அவர்களுக்குக் குரல் வேண்டும். எந்தச் சுவரில் யார் முகம், என்ன நிறம், எந்த மாடிவரை என்று போனில் கேட்கும்படி பதிவுசெய்து வைக்கலாம். பேசுவதற்கு வெளியாள் தேட வேண்டாம். தினமும் அந்தச் சுவர்களைப் பார்த்து வளர்கிற கண்ணகி நகர்ப் பிள்ளைகளையே பேசச் சொல்லலாம்.