ராபின்சன் பூங்காவின் ஒலிபெருக்கி

ராயபுரத்தை ஒட்டிய ராபின்சன் பூங்கா, 1949 செப்டம்பரில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம் என்றே வரலாற்றில் பெயர் பெற்றிருக்கிறது. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்னரே அது வடசென்னை மக்கள் கூடி வானொலி கேட்ட இடமாகவும் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924இல் நிறுவிய சென்னை மாகாண வானொலிக் கழகம் பணமுடையால் 1927இல் ஓய்ந்துபோக, அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்றுக்கொண்ட மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் தானே ஒலிபரப்பை நடத்தியது. வானொலிப் பெட்டி வாங்கப் பணமும் அதை வைத்திருக்க உரிமமும் வேண்டியிருந்த அந்நாளில், துறைமுகக் கூலிக்கு அவ்விரண்டும் எட்டாதவை. கடற்கரையிலும் பூங்காக்களிலும் மாநகராட்சி நிறுவிய ஒலிபெருக்கிகளே அவருக்கு மாலைநேரச் சங்கீதத்தைக் கொண்டு சேர்த்தன.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பட்டபோது ஒலிவாங்கி மத்திய அரசின் கைக்குப் போயிற்று. அறிவிப்பாளரும் செய்தி எழுதுபவரும் அரசு ஊழியராயினர். 1960இல் அமைக்கப்பட்ட மத்திய தகவல் பணி, பின்னாளில் இந்தியத் தகவல் பணி எனப் பெயர் மாறிய அலுவலர் தொகுதி, இந்த ஏற்பாட்டை முழுமையாக்கியது. அதில் சேர்ந்தவர் வானொலிச் செய்திப் பிரிவிலும், அரசின் அறிக்கைகளை நாளிதழ்களுக்கு வழங்கும் பத்திரிகைத் தகவல் அலுவலகத்திலும் மாறி மாறிப் பணியாற்றினார். இதழியலையும் அரசின் மக்கள் தொடர்பையும் கடந்துவந்த வாழ்க்கை என்று இன்று வியந்து சொல்லப்படுவது, பல நேரங்களில் ஒரு பணிமாற்ற ஆணையின் விளைவுதான்.

விளையாட்டு வர்ணனை மட்டும் இந்தக் கட்டுக்குள் முழுதாக அடங்கவில்லை. 1934இல் பம்பாயில் கிரிக்கெட் வர்ணனையைத் தொடங்கிவைத்த ஏ.எஃப்.எஸ். தல்யார்கான், நாள் முழுதும் தனியொருவராகப் பேசியவர். பத்திரிகைப் பத்தியாளருமான அவர், ஒலிவாங்கியைப் பிறருடன் பங்கிடும் முறை வந்ததும் விலகிக்கொண்டார். தமிழில் நேர்முக வர்ணனை மிகவும் பிந்தியே வேரூன்றியது. அதை வளர்த்தவர்களுள் கூத்தபிரான் வானொலி நிலைய ஊழியர். அப்துல் ஜப்பாரோ நாடகக் குரலால் அறியப்பட்டவர், அழைப்பின் பேரில் வந்து பேசியவர். அவர்கள் குரல் ஒலித்த காலத்தில் பூங்கா ஒலிபெருக்கியின் இடத்தை டிரான்சிஸ்டர் பிடித்துவிட்டிருந்தது. திருவொற்றியூர், எண்ணூர் ஆலைவாயில்களின் டீக்கடைகளில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் உட்காருவதற்கு முன்பே ஸ்கோர் கேட்டார்கள்.

1997இல் பிரசார் பாரதி என்னும் தன்னாட்சி அமைப்பின்கீழ் வானொலி கொண்டுவரப்பட்ட பிறகும், அதன் செய்திப் பிரிவின் பொறுப்புகளில் இந்தியத் தகவல் பணி அலுவலர்களே தொடர்ந்து அமர்த்தப்பட்டனர்.